மூக்கடைத்த இரவுகள்

மார்கழிப் பனி இறங்கினால் எங்கள் ஏனாத்தூரில் எனக்குத் தூக்கம் போய்விடும். படுத்த அரை மணியில் மூக்கு அடைத்துக்கொள்ளும். வாயால் மூச்சு விட்டு, நாக்கு வறண்டு எழுந்து உட்காருவேன். பக்கத்து வீட்டில் தறிச்சத்தம் தொடங்கும்போதுதான் கண் அயரும்.

அடைப்பதெல்லாம் சளி என்றே நினைத்திருந்தேன். பெரும்பாலும் அது மூக்கின் உட்சவ்வில் ரத்தம் தேங்கி வரும் வீக்கம். படுத்தால் தலைப்பக்கம் ரத்தம் கூடி, வீக்கமும் கூடும். இரண்டு நாசிகளும் முறைவைத்து அடைத்துத் திறப்பது இயற்கை என்று ஜெர்மன் மருத்துவர் கைசர் 1895இலேயே எழுதியிருக்கிறார்.

கடையில் வாங்கிய சொட்டு மருந்து உடனே திறந்துவிட்டது. அந்த ஆசையில் 15 நாள் விடாமல் போட்டேன். கடைசியில் மருந்தே அடைப்புக்குக் காரணமாகிவிட்டது. சில நாட்களுக்கு மேல் அதைத் தொடக்கூடாது என்று பிறகுதான் மருத்துவர் சொன்னார்.

இப்போது கொதித்து ஆறிய நீரில் உப்புக் கலந்து மூக்கைக் கழுவுகிறேன். தலைமாட்டை உயர்த்திப் படுக்கிறேன். தலையணை உறையை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைக்கிறேன். தூக்கம் மெல்லத் திரும்பியிருக்கிறது.

உங்கள் வீட்டுக் குழந்தை தினமும் வாயைத் திறந்தபடி, குறட்டையோடு தூங்கினால் தயவுசெய்து மருத்துவரிடம் காட்டுங்கள். நல்ல மூச்சுதான் நல்ல தூக்கம்.