தூரிகையை எப்போது கீழே வைப்பது?

தோட்டப் பள்ளியில் ஆசிரியையாகி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. பயிற்சிக் கல்லூரியில் பெற்ற சான்றிதழைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். கணக்கு, தமிழ், நன்னெறி, ஓவியம் என்று எதைக் கொடுத்தாலும் சொல்லித் தருவேன். சின்னப் பள்ளியில் ஆசிரியர் எல்லாவற்றுக்கும் ஆள்தானே! ஆனால் அந்தச் சான்றிதழ் எனக்குக் கற்றுத் தராத ஒரு பாடத்தை நான்காம் ஆண்டுப் பையன் ஒருவன் கற்றுக் கொடுத்தான். நான் செய்த தவற்றைப் பற்றியதுதான் இது. பிள்ளைகளை வளர்க்கும் தாய்மார்களுக்கும் பயன்படும் என்பதால் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கிள்ளான் வட்டாரத்தில் பள்ளிகளுக்கிடையே ஓவியப் போட்டி ஒன்று நடந்தது. தலைப்பு 'என் அம்மா'. பிள்ளைகள் வகுப்பில் வரைய வேண்டும். நல்லவற்றை நாங்கள் பொறுக்கி அனுப்ப வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். பட்டுச் சேலை, தலை நிறையப் பூ, பக்கத்தில் ஒரு ரோஜாச் செடி. எல்லா அம்மாவும் ஒரே அச்சில் வார்த்தது போல இருந்தார்கள்.

இந்தப் பையனின் படம் மட்டும் வேறு. அவனுடைய அம்மா செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை செய்பவர். படத்தில் இன்னும் விடியவில்லை. லயத்து வாசலில் லாரி நிற்கிறது. நீண்ட கைச்சட்டை, ரப்பர் சப்பாத்து, தலையில் தொப்பி போட்ட ஒரு பெண் அதில் ஏறப் போகிறாள். ஒரு கால் தரையில், ஒரு கால் லாரியில். முகம் மட்டும் நம்மைத் திரும்பிப் பார்க்கிறது. ஆனால் அந்த முகத்தில் இரண்டு கண்கள்தான் இருந்தன. அதற்குக் கீழே வர்ணமே இல்லை, வெறும் வெள்ளைத் தாள்!

"படம் முடியலையேடா தம்பி" என்றேன்.

"முடிஞ்சிருச்சி டீச்சர்" என்றான்.

அதற்குள் மணி அடித்துவிட்டது. படங்களை மறுநாள் காலையில் அனுப்பியாக வேண்டும். நல்ல படம், அவசரத்தில் பாதியில் விட்டுவிட்டான், பரிசு தவறிப் போகுமே என்று எனக்குத் தோன்றியது. அன்றிரவு வீட்டில் உட்கார்ந்து, அந்த வெள்ளை இடத்தில் மூக்கு வைத்தேன். வாய் வைத்தேன். சிரிக்க வைத்தேன். நெற்றியில் ஒரு பொட்டும் வைத்தேன். கன்னத்தில் நிழல் கூட இட்டேன். கைத்திறன் எனக்கு உண்டு. அதில் ஒரு சிறு கர்வமும் உண்டு.

படத்துக்கு ஆறுதல் பரிசு கிடைத்தது. நற்சான்றிதழும் ஒரு வர்ணப் பெட்டியும் வந்தன. சபைகூடலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். பையன் வந்து வாங்கிக் கொண்டான். திரும்பி வந்த படத்தையும் கையில் கொடுத்தேன். வெகு நேரம் பார்த்தான். பிறகு மெல்லச் சொன்னான்.

"டீச்சர், அது துண்டு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது உடம்பு கூசியது. மருந்து நெடி படாமலிருக்க மூக்கையும் வாயையும் சேர்த்து வெள்ளைத் துண்டால் இறுகக் கட்டிக் கொண்டுதான் அவன் அம்மா வேலைக்குப் போவார். விடிகாலையில் அவன் காண்பது அந்த இரண்டு கண்களைத்தான். அதைத்தான் வரைந்திருந்தான். வெள்ளைக்கு வெள்ளைத் தாளையே விட்டிருந்தான். நீர்வர்ணத்தில் கைதேர்ந்தவர்கள் செய்வதும் அதுதான். அவன் முடித்துவிட்ட படத்தை நான் 'முடித்து' வைத்திருக்கிறேன்!

வர்ணப் பெட்டியையும் சான்றிதழையும் மேசைக்குள்ளேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனான். அதற்குப் பிறகு ஓவிய வகுப்பில் மற்றவர்களைப் போல நாற்காலியும் ரோஜாச் செடியும் வரையத் தொடங்கினான். நான் என்ன சொன்னாலும், "நீங்களே போட்டுக் காட்டுங்க டீச்சர்" என்பான். அதில் கோபமில்லை; மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் என்னை அதிகம் வருத்தியது.

ஒரு படம் முடிந்துவிட்டது என்று எப்படித் தெரிந்து கொள்வது? இந்தக் கேள்வி அன்று முதல் என்னைப் பிடித்துக் கொண்டது.

என் அம்மாவிடம் சொன்னேன். அவர் அந்தக் காலத்தில் பால்மரம் வெட்டியவர். சிரித்துவிட்டு, "மரத்துக்குக் காயம் போட்டுட்டியா?" என்றார். மரம் வெட்டுகிறவர்களுக்கு இது தெரியும். பால் பட்டையில் இருக்கிறது. உளி பட்டைக்குள் ஓடலாம், உள்ளேயிருக்கும் மரத்தைத் தொடக் கூடாது. இடையில் விட வேண்டியது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். ஆழமாகச் சீவினால் அன்றைக்கு நாலு சொட்டு கூடுதலாக வரும். ஆனால் அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். சில ஆண்டுகள் கழித்து மறுபட்டையில் உளி வைக்கும்போது வழுக்கிக் கொண்டு போகும். "எங்க நிறுத்தணும்னு கைக்குத் தெரியணும். கங்காணி வந்து சொல்ற வரைக்கும் காத்திருந்தா மரம் போயிடும்" என்றார் அம்மா.

இன்றைய செம்பனைத் தோட்டத்திலும் இதே கணக்குத்தான். குலை பழுத்துவிட்டதா என்று கீழேயிருந்து நிறத்தை மட்டும் பார்த்துச் சொல்வது கடினம். மரத்தடியில் உதிரிப் பழம் கிடக்கிறதா என்றுதான் பார்க்கிறோம். பத்துப் பழமாவது உதிர்ந்திருந்தால் குலை பழுத்தது என்பது கணக்கு. முந்தினால் எண்ணெய் குறையும். பிந்தினால் பழம் கெடும். முடிந்ததற்கு அடையாளத்தைக் குலையே தருகிறது. நாம் குனிந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பக்கத்துச் சீனப்பள்ளி ஆசிரியை ஒருவர் எனக்குத் தோழி. அவர் சீனர்களிடையே வழங்கும் இரண்டாயிரம் ஆண்டுப் பழங்கதை ஒன்றைச் சொன்னார். பூசை முடிந்து வேலைக்காரர்களுக்கு ஒரு குடுவை மது கிடைத்தது. எல்லாருக்கும் போதாது. தரையில் பாம்பு வரைவோம், முதலில் முடிப்பவருக்கே மது என்று பந்தயம் கட்டினார்கள். ஒருவன் முந்திக் கொண்டு முடித்தான். குடுவையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, "இன்னும் நேரம் இருக்கிறதே, கால் கூட வைப்பேன்" என்று பாம்புக்குக் கால் வரையத் தொடங்கினான். அதற்குள் இன்னொருவன் முடித்துக் குடுவையைப் பிடுங்கிக் கொண்டான். "பாம்புக்கு ஏது கால்? நீ வரைந்தது பாம்பே அல்ல" என்று சொல்லிக் குடித்தும் விட்டான்! வேண்டாத வேலை செய்வதற்கு 'பாம்புக்குக் கால் வரைதல்' என்பது இன்றும் சீனத்தில் பழமொழி. கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வைத்த மூக்கும் வாயும் அந்தக் கால்கள்தானே!

பெரிய மேதைகளுக்கும் இந்தத் தொல்லை இருந்திருக்கிறது. இத்தாலியின் லியொனார்டோ டா வின்சி 1503-ஆம் ஆண்டு வாக்கில் மோனலிசா படத்தைத் தொடங்கினார். கேட்டவரிடம் கொடுக்காமல் ஆண்டுக் கணக்கில் தன்னோடேயே வைத்திருந்தார். பிரான்சு நாட்டுக்குப் போனபோதும் கூடவே எடுத்துச் சென்றார். அவர் மறைந்தது 1519-இல். அவருக்கே கடைசி வரை கைவிட மனம் வரவில்லை போலும்.

பையன் விஷயம் நடந்து பல மாதங்களுக்குப் பிறகு, பள்ளி விடுமுறையில் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் போயிருந்தேன். பூசைச் சாமான் வாங்கும் வேலை. வழியில் ஒரு கோயிலில் கும்பாபிஷேகத்துக்குத் திருப்பணி நடந்து கொண்டிருந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்த சிற்பிகள் சாரம் கட்டிச் சுதை உருவங்களுக்கு வர்ணம் தீட்டிக் கொண்டிருந்தார்கள். உடம்பு, நகை, ஆடை எல்லாம் முடிந்த ஓர் அம்மன் கண் இல்லாமல் நின்றாள்.

வயதான சிற்பி ஒருவர் தேநீர் குடிக்க இறங்கி வந்தார். குடித்துவிட்டு நேரே மேலே ஏறவில்லை. தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று அண்ணாந்து பார்த்தார். ஏறி ஏதோ செய்தார். மறுபடி இறங்கி வந்து பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஐயா, எதற்கு இத்தனை தடவை இறங்கி வருகிறீர்கள்?"

"பக்கத்துல நின்னு பார்த்தா வேலைக்கு முடிவே இல்லைம்மா. இங்க இன்னும் கொஞ்சம், அங்க இன்னும் கொஞ்சம்னு கை கேட்டுக்கிட்டே இருக்கும். கும்பிடுறவங்க தெருவுல நிக்கிறாங்க. அவங்களுக்கு எது தெரியணுமோ அது தெரிஞ்சா போதும்."

"கண் எப்போது எழுதுவீர்கள்?"

"அதுதான் கடைசி. கண்ணை எழுதிட்டா அப்புறம் நான் கை வைக்கிறது இல்லை. அதுவரைக்கும் நான் அதைப் பார்க்கிறேன். அப்புறம் அது என்னைப் பார்க்குது."

கருவறைச் சிலைகளுக்குக் கண் திறப்பு என்றொரு சடங்கு இருப்பதை நாம் அறிவோம். நல்ல நேரம் பார்த்து, திரை மறைவில், ஸ்தபதி பொன் ஊசியால் கண்களைத் திறப்பார். திறந்ததும் பசுவும் கன்றும், தானியம், கண்ணாடி என்று மங்கலப் பொருள்களைக் காட்டுவார்கள். இலங்கையிலும் புத்தர் உருவங்களுக்கு இப்படி உண்டு. அங்கே ஓவியர் கண்ணை நேரே பார்க்காமல், கண்ணாடியில் பார்த்தபடியே தூரிகையை ஓட்டுவாராம். கொழும்பில் 1877-இல் பிறந்த ஆனந்த குமாரசாமி, சிங்களர் கலை பற்றி 1908-இல் வெளியிட்ட பெருநூலில் இதை விவரித்திருக்கிறார். நம் ஊரில் சீனர்கள் புதுச் சிங்கத் தலைக்குத் தூரிகையால் கண் வைத்த பிறகே அதை ஆட விடுவதையும் பார்த்திருக்கிறோம். கண் வைத்தால் வேலை முடிந்தது, இனி அது செய்தவனுடையது அல்ல என்பதில் எல்லாரும் ஒன்றுபடுகிறார்கள்.

ரயிலில் திரும்பி வரும் வழியெல்லாம் பையனின் படமே நினைவில் நின்றது. அவனும் கண் எழுதியிருந்தான். இரண்டு கண்களையும் தெளிவாக, நம்மைப் பார்க்கும்படி எழுதிவிட்டுத்தான் தூரிகையைக் கழுவி வைத்தான். நான் அதை எங்கிருந்து பார்த்தேன்? ஆசிரியை மேசையிலிருந்து. அந்த லயத்து வாசலில் நின்று பார்த்திருந்தால் துண்டு எனக்குத் தெரிந்திருக்கும். குறைந்தபட்சம், "இங்கே ஏனப்பா வெள்ளையாக விட்டிருக்கிறாய்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பள்ளி திறந்த முதல் ஓவிய வகுப்பில், எல்லாப் பிள்ளைகளும் கேட்க, "உன் படத்தில் நான் கை வைத்தது தப்பு தம்பி" என்று சொன்னேன். பையன் தலையைக் குனிந்து கொண்டான். வகுப்பே அமைதியாகிவிட்டது. ஆசிரியர் மன்னிப்புக் கேட்டால் மதிப்புக் குறையும் என்று சிலர் எண்ணலாம். என் அனுபவத்தில் குறையவில்லை.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று கதை சொல்ல மாட்டேன். இரண்டு மாதம் போல ரோஜாச் செடிதான் வந்தது. பிறகு ஒரு நாள் மறுபடியும் லாரி வந்தது, விடியாத வானம் வந்தது, துண்டு கட்டிய அம்மா வந்தார். நான் கிட்டே போகவில்லை. மணி அடிக்கும் நேரத்தில், "முடிந்ததா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல டீச்சர். என்னமோ ஒண்ணு இல்ல."

படத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மறுநாள் எடுத்துக் கொடுத்தேன். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான், தள்ளி நின்று பார்த்தான். பிறகு அம்மாவின் கையில் ஒரு சாப்பாட்டுத் தூக்கை வரைந்தான். தூரிகையைத் தண்ணீரில் அலசித் துடைத்து வைத்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை.

அந்தத் தூக்கை எந்த ஆசிரியராலும் வைத்திருக்க முடியாது. அது அவன் தினமும் பார்க்கும் தூக்கு.

இப்போது என் வகுப்பில் சில பழக்கங்களை வைத்திருக்கிறேன். படத்தை ஓர் இரவு மூடி வைப்போம். ஈரத்தில் கருத்துத் தெரியும் நீர்வர்ணம் காய்ந்தால் வெளுக்கும், அதற்கு முன் திருத்தினால் வீண். மறுநாள் தலைகீழாகவும் கண்ணாடியிலும் பார்ப்போம். 'இன்னும் கொஞ்சம்' என்று கை கேட்டால், எதற்கு என்று வாயால் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் தூரிகையைக் கழுவிவிட வேண்டும். ஈரத்தாளை மீண்டும் மீண்டும் தேய்த்தால் தாள் பிய்யும், நாலைந்து வர்ணம் கலந்தால் சேறாகும். இவை பிள்ளைகளுக்கு. எனக்கு ஒரே ஒரு கட்டளைதான்: பிள்ளையின் தாளில் என் தூரிகை படக்கூடாது.

தாய்மார்களே, தந்தைமார்களே! பிள்ளை ஒரு படத்தைக் கொண்டு வந்து காட்டினால், மரம் கோணல், வீடு சாய்ந்திருக்கிறது என்று பென்சிலைப் பிடுங்காதீர்கள். என்ன வரைந்திருக்கிறாய் என்று கேளுங்கள். வேலை முடிந்து களைத்து வந்த நேரமாக இருக்கும், தெரியும். இரண்டு நிமிடம் போதும். ஒருவேளை அந்தத் தாளில் நீங்கள் வேலைக்குக் கிளம்பிக் கொண்டிருக்கலாம்.