முந்தானையில் துடைத்த திராட்சை

சேலத்தில் பஸ் ஏறினால் கிருஷ்ணகிரி வரை வெயில்தான். சூளகிரி தாண்டியதும் ஜன்னல் வழியே குளுகுளுவென்று காற்று வரும். அக்கா வீடு இருக்கும் ஓசூர் வந்துவிட்டது என்று அர்த்தம்! மலைமேல் சந்திரசூடேஸ்வரர், கீழே ஷிப்டு முடிந்து வரும் சிப்காட் கம்பெனி பஸ்கள். கடைத்தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம்.

இந்த மாசியில் போனபோது தள்ளுவண்டியில் 'பெங்களூர் ப்ளூ' திராட்சை குவித்திருந்தார்கள். தோல் தடித்த கருநீலப் பழம். ஜூஸுக்கும் ஒயினுக்கும் ஏற்றது. ஒரு கிலோ வாங்கிப் போனேன். அக்காவின் இரண்டு வயதுப் பேரன் கையை நீட்டினான். ஒரு பழத்தை முந்தானையில் துடைத்து, இரண்டாகக் கிள்ளி, விதை எடுத்து ஊட்டப் போனேன். அவன் அம்மா ஓடி வந்தாள்.

"சித்தி, இருங்க! கழுவாம குடுக்காதீங்க."

"நாங்கல்லாம் கழுவியா தின்னோம்?" என்றேன் ரோஷமாக.

அவள் பெங்களூரில் ஒரு சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஒயினில் பூஞ்சாண மருந்தின் மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பதும் அவள் வேலை. ஒயின் பேச்சு நமக்கெதற்கு என்று முகம் சுளிக்காதீர்கள், சகோதரிகளே. அதுவும் திராட்சைதானே!

கொடியில் சாம்பல் நோய், அடிச்சாம்பல் நோய் சுலபமாக வரும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை 1885லேயே பிரான்சில் வந்துவிட்டது. இப்போதைய மருந்துகளில் சில செடிக்குள்ளேயே ஊடுருவுகின்றன. பழம் புளிக்கும்போது பல மருந்துகள் தோலோடும் கசடோடும் பெருமளவு போய்விடுமாம். மெட்டலாக்ஸில் போலத் தண்ணீரில் கரைபவை ஒயினிலும் தங்கும்.

சோதனை எப்படி? ஒயினில் கரைப்பானும் உப்பும் சேர்த்துக் குலுக்கி, வேகமாகச் சுழற்றுகிறார்கள். தயிர் கடைந்தால் வெண்ணெய் பிரிகிற மாதிரி மருந்து கரைப்பானோடு மேலே பிரிந்து வரும். நிறத்தை நீக்கிவிட்டுக் கருவியில் ஏற்றினால் எந்த மருந்து, எவ்வளவு என்று தெரியும். தனி அளவு வகுக்காத மருந்துக்கு ஐரோப்பாவில் பொது வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். அதாவது நூறு டன் பழத்தில் ஒரு கிராம். பத்து லாரிப் பழத்தில் ஒரு சிட்டிகை உப்பு!

2003இல் நம் திராட்சையில் மருந்து மிச்சம் இருப்பதை ஐரோப்பாவில் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகுதான் ஏற்றுமதித் தோட்டங்களில் மாதிரி எடுத்துப் பார்க்கும் திட்டம் வந்தது. புனேயில் உள்ள தேசியத் திராட்சை ஆராய்ச்சி மையம் அதை மேற்பார்க்கிறது.

"கப்பலேறுற பழத்துக்கு இத்தனை காவல். நம்ம வண்டிக்காரர் பழத்துக்கு?" என்றேன்.

"குழாயடியில நீங்கதான் சித்தி" என்று சிரித்தாள்.

காம்பிலிருந்து பிரித்து, ஓடும் தண்ணீரில் விரலால் தேய்த்து இரண்டு மூன்று முறை அலசச் சொன்னாள். உள்ளே ஊடுருவிய மருந்து போகாது. தோல்மேல் இருப்பதில் ஒரு பகுதி போகும். பழத்தின்மேல் வெள்ளையாகப் படிந்திருப்பதெல்லாம் மருந்து இல்லை, இயற்கை மெழுகும் அப்படித்தான் இருக்கும். அதனால் பயந்து பழத்தையே நிறுத்திவிட வேண்டாம்.

அலசி, விதை நீக்கி, சின்னத் துண்டுகளாக்கிக் கொடுத்தேன். பேரன் ஒரு கிண்ணம் காலி செய்துவிட்டு முந்தானையைப் பிடித்து இழுத்தான். இந்தத் தடவை அது வாய் துடைக்க மட்டும்தான்!