மேசைமேல் ஐந்து பெட்டிகள்



இந்த வாரம் என் வீட்டு மேசை ஒன்றைப் பற்றி உங்களுக்கு எழுதுகிறேன். எனக்குப் பெருமை சேர்க்கும் காரியம் எதுவும் இதில் இல்லை.

என்னை வீட்டில் வந்து சந்தித்தவர்கள் என் படிப்பறையின் ஓரத்தில் கிடக்கும் அந்தச் சிறு மேசையைக் கண்டிருப்பீர்கள். பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி, வண்ணம் தீட்டி, விமானங்களையும் கப்பல்களையும் சிற்றுருவாகச் செய்வது என் நெடுநாள் பழக்கம். போதகருக்குப் பீரங்கி வண்டியோடு என்ன வேலை என்று சிலர் நகைத்ததுண்டு. துக்க வீட்டிலிருந்து திரும்பிய இரவுகளில் எனக்கு எளிதில் உறக்கம் வருவதில்லை. அப்பொழுது கைகளுக்கு ஒரு சிறு வேலை இருந்தால் உள்ளம் அடங்குகிறது. அவ்வளவுதான்.

சில மாதங்களுக்கு முன் அந்த மேசையை ஒழுங்குபடுத்த முற்பட்டேன். ஐந்து பெட்டிகள் இருந்தன. ஐந்தும் திறக்கப்பட்டவை, ஒன்றும் முடிக்கப்படாதவை.

ஒரே சமயத்தில் இரண்டு உருவங்களைக் கையில் வைத்திருப்பதில் தவறில்லை. இந்த வேலையின் இயல்பே அப்படி. இதற்கான பசை பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைச் சற்றே கரைத்து, இரு பாகங்களையும் ஒன்றாக்கிவிடும். அது இறுகும்வரை தொடலாகாது. எனாமல் வண்ணம் நன்றாக உலர ஒரு நாளாவது வேண்டும். அவசரப்பட்டுத் தொட்டால் விரல் ரேகை அதில் பதிந்துவிடும். ஆகவே ஒன்றின் இறக்கை உலரும் நேரத்தில் மற்றொன்றின் இருக்கைக்கு வண்ணம் பூசுவது காலத்தைச் சரியாகப் பயன்படுத்துவதே. நானும் அப்படித்தான் இரண்டாவது பெட்டியைத் திறந்தேன். மூன்றாவதைத் திறந்தபோதும் அதே காரணத்தைத்தான் சொல்லிக்கொண்டேன்.

அன்று ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, எது எங்கே நின்றது என்று பார்த்தேன். 1/35 அளவிலான ஜெர்மானிய டைகர் பீரங்கி வண்டி சக்கரங்களில் நின்றிருந்தது. அந்த வண்டியின் முந்தைய வகைக்கு இருபுறமும் சேர்த்து 48 சக்கரங்கள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் ரப்பர் வளையத்தைக் கருநிறத்தில் வரைய வேண்டும். பதினொன்றாவது சக்கரத்தோடு தூரிகையைக் கழுவி வைத்திருந்தேன். 263 மீட்டர் நீளமுள்ள யமாட்டோ போர்க்கப்பல் 1/700 அளவில் ஒரு முழத்துக்கும் குறைவாகச் சுருங்கிவிடும். அதன் தளத்தில் பதிக்க வேண்டிய கடுகளவு பீரங்கிகளில் நின்றிருந்தது. ஸ்பிட்ஃபயர் விமானம், கண்ணாடிக் கூண்டின் சட்டங்களுக்கு ஒட்டுநாடா வெட்டும் இடத்தில் நின்றிருந்தது. மோட்டார் சைக்கிள், நூல் போன்ற குழாய்களை இணைக்கும் இடத்தில்.

வெவ்வேறு காரணங்களால் நின்றவை என்று நான் எண்ணியிருந்த அனைத்தும் ஒரே இடத்தில்தான் நின்றிருந்தன: வேலை சலிப்பூட்டத் தொடங்கும் இடம்; பிழை செய்தால் மறைக்க இயலாத இடம். அங்கே வந்தவுடன் நான் புதுப்பெட்டியைத் திறந்திருக்கிறேன். புதிய பெட்டியில் பிழையே இல்லை அல்லவா? பாகங்கள் சட்டத்தில் வரிசையாக எண்ணிடப்பட்டு நிற்கின்றன. மூடியிலுள்ள ஓவியம் குறைவற்றதாயிருக்கிறது. நம் கை அதில் இன்னும் படவில்லை.

கோபுரம் கட்டத் தொடங்கி முடிக்க இயலாமற்போன மனிதனைப் பற்றி நம் ஆண்டவர் சொன்ன உவமையை நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். செல்லும் செலவை முன்னதாகவே கணக்கிடுங்கள் என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். என் மேசையில் குறைவுபட்டது பணமல்ல. எல்லாப் பாகங்களும் பெட்டிக்குள்ளேயே இருந்தன. பொறுமையைக் கணக்கில் சேர்க்க மறந்தவன் நான்.

ஐந்தாவது பெட்டியைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அது நேட் போர்விமானம். நம் விமானப்படை 1965-லும் 1971-லும் போரில் பயன்படுத்திய மிகச் சிறிய விமானம். ஸ்ரீநகரைக் காத்து வீரமரணமடைந்து பரம் வீர் சக்ரா பெற்ற நிர்மல் ஜித் சிங் செக்கோன் கடைசியாகப் பறந்தது இதில்தான். நம் சபையில் நாம் எல்லாரும் அண்ணாச்சி என்று அழைக்கும் பெரியவர் ஒருவர், இளவயதில் நேட் விமானங்களைப் பராமரித்தவர். ஒருநாள் என் மேசையைக் கண்டு, "ஐயா, நேட் கிடைக்குமா? ஒரு தடவை பார்க்கணும்" என்று கேட்டார். வாங்கினேன். செய்து தருகிறேன் என்று வாக்கும் கொடுத்தேன். அது நான்கு ஆண்டுகளுக்கு முன்பு.

அந்த நான்கு ஆண்டுகளில் அண்ணாச்சியின் கண்பார்வை சிறிது சிறிதாகக் குறைந்து, இப்பொழுது வெளிச்சத்தையும் நிழலையும் மட்டுமே பிரித்தறிகிறார். அவர் வீட்டுக்கு ஜெபிக்கச் சென்றபோதெல்லாம் நான் அதைக் கண்டேன். ஆயினும் என் வாக்கையும் அவர் கண்களையும் ஒருமுறைகூட இணைத்துப் பார்க்கவில்லை. அவரும் நினைவூட்டவில்லை.

நான்கு பெட்டிகளைக் கயிற்றால் கட்டிப் பரணில் ஏற்றினேன். ஒவ்வொன்றின் மூடியிலும், அடுத்துச் செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலையை மட்டும் எழுதி ஒட்டினேன். மேசையில் நேட் மட்டும் இருந்தது. அதில் ஒட்ட வேண்டிய மூவண்ண வட்டங்களின் தாள் பழுப்பேறியிருந்தது. அதை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வெயில் படச் செய்தேன். சில நாட்களில் பழுப்பு வெளுத்தது. மூன்று வாரங்களில் விமானம் முடிந்தது. நின்றுபோன நான்கு ஆண்டுகளுக்குள் இருந்த வேலை மூன்று வாரம்தான் என்பதை எண்ணி வெட்கப்பட்டேன்.

அண்ணாச்சியின் உள்ளங்கையில் அதை வைத்தேன். மூக்கு முதல் வால் வரை விரல்களால் மெதுவாகத் தடவினார். பிறகு விமானத்தைத் திருப்பி அடிப்புறத்தைத் தொட்டார். நேட் விமானத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. பறக்கும்போது சக்கரங்களைப் பாதியளவு இறக்கினால், அவற்றின் மூடிகளே காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும். அவர் விரல் அந்த மூடிகளைத் தேடிப் பிடித்தது.

"இடது பக்கத்து மூடி கொஞ்சம் கோணலா இருக்கு, ஐயா. இதை இப்படியே ஓடுதளத்துக்கு அனுப்ப முடியாது" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். எதற்காகக் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "வந்திருச்சே, அது போதும்" என்றார். கோணலைச் சரிசெய்து தருகிறேன் என்றேன். கொடுக்க மறுத்துவிட்டார். இன்றும் அது அவர் தலையணையருகே இருக்கிறது.

பிரியமானவர்களே, அவர் என்னை மன்னித்தார். ஆயினும் அவர் கண்களால் அதைக் காணவில்லை என்பது மாறப்போவதில்லை. மன்னிப்பு காலத்தைத் திருப்பித் தருவதில்லை. இதை எனக்கே சொல்லிக்கொண்டு உங்களுக்கும் சொல்லுகிறேன்.

உங்கள் இல்லங்களிலும் பாதியில் நிற்கும் காரியங்கள் இருக்கும். அவற்றுள் பல பரணில் காத்திருக்கலாம். என் பீரங்கி வண்டிக்காக ஒருவரும் ஏங்கவில்லை. ஆனால் ஏதோ ஒன்றின் மறுமுனையில் ஒரு மனிதர் காத்திருக்கிறார். போகிறேன் என்று சொல்லிப் போகாத ஒரு வீடு, பேச வேண்டிய ஒரு சகோதரன், பெற்றோருக்குக் கொடுத்த ஒரு சிறு வாக்கு. அது எது என்று தேவனுடைய சமுகத்தில் அமர்ந்து கேளுங்கள். இந்த வாரம் அதை மட்டும் மேசையின்மேல் வையுங்கள். கோணலாக முடிந்தாலும் முடித்துக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

நம்மில் தொடங்கிய வேலையைக் கைவிடாத தேவன், நம் கைகளின் வேலையையும் முடிக்கக் கிருபை செய்வாராக. ஆமென்.