பிட்டின் கூரும் என் கைத்தொழிலும்

நான் கிற்றார் செய்யும் பட்டறையில் வேலை செய்கின்றேன் என்று சொன்னால் முதலில் சிரிப்பார்கள். பிறகு, "பொலிஷ் பூசுற வேலையோ?" என்று கேட்பார்கள். இல்லை, ரவுட்டர் பிடிக்கிற வேலை என்று சொன்னால் பேச்சு அதோடு நின்றுவிடும். அதனால்தான் இதை எழுதுகின்றேன். இந்தப் பக்கங்களைப் படிக்கும் சகோதரிகளில் யாராவது ஒருவர் மரவேலைக்கு வர நினைத்திருக்கலாம். அவருக்கு இது பயன்படட்டும்.

ரவுட்டர் என்பது மின்சாரத்தில் சுழலும் ஒரு மரவேலை இயந்திரம். அதில் பூட்டும் வெட்டும் அலகைத்தான் பிட் என்கிறோம். உளியால் அரை நாள் செதுக்கும் பள்ளத்தை அது சில நிமிடங்களில் ஒரே ஆழமாக, ஒரே அகலமாக வெட்டித் தரும். நான் முதன்முதலில் "பிட் வாங்கக் காசு வேணும்" என்று வீட்டில் சொன்னபோது மாமி, "கடைப் பிட்டு என்னத்துக்குப் பிள்ளை, நான் அவிச்சுத் தாறன்" என்றா. இன்றைக்கும் பட்டறையில் இதைச் சொல்லிச் சிரிப்போம்.

என் தகப்பனார் வன்னியில் ஓடாவியார். சீவுளிச் சுருள்களுக்குள் விளையாடி வளர்ந்தவள் நான். 2009இல் கணவரையும் வீட்டையும் இழந்து, முகாமில் இருந்து, 2011இல் ஊர் திரும்பியபோது வாழ்வாதார உதவியாக எனக்கு ஒரு தையல் மெஷின் கிடைத்தது. எங்கள் ஒழுங்கையில் மட்டும் ஆறு தையல் மெஷின்கள். ஒருவர் சட்டையை மற்றவர் தைக்கலாமே தவிர, தைத்ததை வாங்க ஆள் இல்லை. உதவி செய்தவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் "உனக்கு என்ன தெரியும்?" என்று ஒருவரும் கேட்கவில்லை. 2014இல் மகளையும் மாமியையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் வந்தேன். தேவாலயப் பாடகர் குழுக்களின் கிற்றார்களைத் திருத்தும் ஒரு வயதான ஓடாவியார், பாலம் கழன்ற கிற்றார் ஒன்றைக் கையில் தந்து, "இதை ஒட்டிக் காட்டுங்கோ பாப்பம்" என்றார். ஒட்டினேன். அன்றிலிருந்து அங்கேதான்.

எனக்கு இடது தோளில் ஷெல் துண்டு ஒன்று இருக்கிறது. எடுப்பதை விட விடுவது நல்லது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஆகவே இரண்டு கையாலும் அமர்த்திப் பிடிக்கும் பெரிய ரவுட்டர் எனக்குச் சரிவராது. ஒரு கைக்குள் அடங்கும் சிறிய ட்ரிமர்தான் என் இயந்திரம். கிற்றார் வேலையில் பெரும்பகுதிக்கு அதுவே போதும். ஆனால் இயந்திரம் எதுவோ அதற்கேற்ற பிட்தான் வாங்கலாம். இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார்.

முதலாவது, காம்பு. என் ட்ரிமர் 6 மில்லிமீற்றர் காம்பைப் பிடிக்கும். சந்தையில் கால் அங்குலக் காம்பும் வருகிறது, அது 6.35 மில்லிமீற்றர். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். 6 மி.மீ. காம்பை 6.35 கவ்விக்குள் போட்டு இறுக்கினால், இறுகியது போலத் தோன்றும். நிமிடத்துக்கு முப்பதாயிரம் சுற்று வேகத்தில் சுழலும்போது அது நழுவி இறங்கும். மரம் பழுதாவது ஒருபுறம், பிட் கழன்று பறந்தால் யார்மேல் படும் என்று சொல்ல முடியாது. காகிதம் சுற்றி இறுக்குபவர்களையும் கண்டிருக்கின்றேன். அப்படிச் செய்யவே கூடாது. காம்பில் எழுதியிருக்கும் அளவைப் பாருங்கள். எழுதாவிட்டால் கவராயம் வைத்து அளந்து பாருங்கள். அதேபோல, சிறிய ட்ரிமரில் ஓர் அங்குலத்துக்கு மேல் அகலமான பிட்டைப் போடக்கூடாது. பிட் அகலமாக அகலமாக அதன் ஓரம் ஓடும் வேகம் கூடும். அகலமான பிட்டுக்கு வேகத்தைக் குறைக்கக்கூடிய பெரிய இயந்திரம் வேண்டும்.

இரண்டாவது, அலகின் உலோகம். மலிவான பிட்கள் உருக்கில் வரும். புதிதாக இருக்கும்போது நல்ல கூர். ஆனால் தேக்கில் இரண்டு மூன்று பள்ளம் வெட்டினால் மழுங்கிவிடும், ஏனென்றால் தேக்கு மரத்துக்குள்ளேயே மண்ணில் இருப்பது போன்ற சிலிக்கா இருக்கிறது. முதிரையும் கருங்காலியும் கடினத்தாலேயே மழுக்கும். சூடாகி அலகு நீலமாகிவிட்டால் உருக்கின் உறுதியும் போய்விடும். கார்பைட் அலகு வைத்த பிட் பல மடங்கு நாள் உழைக்கும். ஆனால் அது கண்ணாடிக் குணமுள்ளது. சீமெந்துத் தரையில் ஒருமுறை விழுந்தால் மூலை உடையும். எங்கள் பட்டறையில் வேலை மேசைக்குக் கீழே பழைய சாக்கு விரித்திருப்பது இதற்காகத்தான்.

பன்னிரண்டு, பதினைந்து பிட் அடுக்கிய பெட்டி மலிவாக வரும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். கிற்றாருக்கு அதில் மூன்றோ நான்கோதான் உதவும், மற்றவை துருப்பிடிக்கும். அந்தக் காசுக்கு நல்ல பிட் இரண்டு வாங்கலாம். வாங்கும்போது கார்பைட் துண்டு தடிப்பாக இருக்கிறதா, அது உருக்கோடு இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்கிறதா, இரண்டு அலகும் ஒரே உயரமா என்று வெளிச்சத்தில் பாருங்கள். பெயாரிங் உள்ளதென்றால் விரலால் சுழற்றிப் பாருங்கள், கரகரப்பு இருக்கக்கூடாது. 2022இல் ரூபாய் விழுந்து இறக்குமதியும் தடைப்பட்ட காலத்தில் ஒரு பிட்டின் விலை எனக்கு இரண்டு நாள் சம்பளம். அந்த நேரம்தான் எது அவசியம், எது ஆசை என்று எனக்கு நன்றாகத் தெரிய வந்தது.

எனக்கு அவசியமானவை இவை. கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பிக்குப் பள்ளம் வெட்ட 6 மி.மீ. நேர் பிட். கிற்றாரின் ஆறு கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் பலம் 70 கிலோ அளவில் வரும். அந்த இழுவையில் கழுத்து வளையாமல் சரிசெய்து வைப்பது இந்த இரும்புக் கம்பிதான். பள்ளம் தளர்வாக இருந்தால் கம்பி அதிரும், இசைப்பவருக்கு அது காதில் கேட்கும். அடுத்தது, ஒலித்துளையைச் சுற்றியுள்ள வளைய அலங்காரத்துக்கும் பாலத்தில் எலும்புத் துண்டு வைக்கும் வெட்டுக்கும் 3 மி.மீ. பிட். இதில் கீழ்நோக்கிச் சுருள் உள்ளது நல்லது. மரநாரை மேலே கிளப்பாமல் விளிம்பைச் சுத்தமாக விடும். பிறகு, பலகையின் மிஞ்சிய ஓரத்தைச் சரிசெய்யும் பெயாரிங் பிட். கடைசியாக, ஓரப்பட்டிக்குப் படி வெட்டும் பிட். இதற்கு வெவ்வேறு அளவுப் பெயாரிங்கை மாற்றினால் படியின் அகலம் மாறும். ஆகவே ஒரே பிட் பல பட்டிகளுக்கு உதவும்.

ஓரப்பட்டிப் படிதான் எனக்குப் பிடித்த வேலையும், பயமான வேலையும். முகப்புப் பலகை 3 மி.மீ. தடிப்புக்கூட வராது, மென்மையான இறக்குமதி மரம். பிட் மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுழலும். வெளி ஓரத்தை வெட்டும்போது நாங்கள் கிற்றாரைச் சுற்றி இடஞ்சுழியாகப் போகவேண்டும். அப்போதுதான் இயந்திரம் எங்கள் கைக்கு அடங்கும். ஆனால் கிற்றாரின் உடம்பு வளைவு வளைவாக இருப்பதால் சில இடங்களில் அப்படிப் போனால் நாருக்கு எதிராக வெட்டி, விரல் நீளத்துக்குச் சிம்பு பிளந்து போய்விடும். அந்த இடங்களில் மட்டும் மறுபக்கமாக, மயிரளவு மயிரளவாக, இறுக்கிப் பிடித்து எடுக்கவேண்டும். எங்கேயும் ஒரே தடவையில் முழு ஆழம் போவதில்லை. 6 மி.மீ. பிட் என்றால் ஒரு தடவைக்கு 3 மி.மீ.க்கு மேல் நான் இறக்குவதில்லை. அவசரப்பட்டு மிச்சம் பிடிக்கும் ஐந்து நிமிடம் வேண்டாம்.

ஒருமுறை வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர், வன்னியில் உடைந்துபோன தன் தகப்பனின் வீட்டுத் தேக்கு நிலையைக் கொண்டுவந்தார். அதில் ஒரு கிற்றார்க் கழுத்துச் செய்ய வேண்டும் என்று கேட்டார். எங்கள் பகுதி மரத்தை ஓடாவியார் எப்போதும் காந்தம் பிடித்துப் பார்ப்பார். அன்றும் பார்த்தார். ஒன்றும் இல்லை. பள்ளம் முக்கால்வாசி வந்தபோது சத்தம் மாறியது, ஒரு பொறி பறந்தது. நிறுத்தி மின்சாரத்தைக் கழற்றிப் பார்த்தால், உழுந்தளவு ஒரு துண்டு. அதைச் சுற்றி மரம் கறுத்திருந்தது. தேக்கில் இரும்பு கிடந்தால் அப்படித்தான் கறுக்கும். ஆழத்தில் கிடந்ததால் காந்தத்துக்கு எட்டவில்லை. பித்தளை, செம்பு என்றால் காந்தம் எப்படியும் காட்டாது. என் நல்ல 6 மி.மீ. பிட்டின் மூலை போய்விட்டது.

ஓடாவியார் அந்த இடத்தைச் சதுரமாகச் செதுக்கி அதே நிலையின் துண்டொன்றைப் பொருத்தினார். மேலே விரற்பலகை வந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்தத் துண்டைக் காகிதத்தில் மடித்து உரிமையாளரிடம் கொடுத்தேன். அவர் விரித்துப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். இப்போது எங்களிடம், சுவருக்குள் மின்கம்பி தேடும் சிறிய கருவி ஒன்று இருக்கிறது. பழைய வீட்டு மரம் வந்தால் நான்கு பக்கமும் அதை ஓட்டிப் பார்க்காமல் பிட்டைத் தொடவிடுவதில்லை. கண்ணிவெடி அகற்றும் வேலை செய்த என் பக்கத்து வீட்டு அக்கா அதைப் பார்த்துவிட்டு, "நீங்களும் எங்கட வேலைக்கு வந்திட்டியள்" என்றா.

மூலை உடைந்த கார்பைட்டைத் திருத்த முடியாது. ஆனால் மழுங்கியதைத் திருத்தலாம், அழுக்கானதைக் கழுவலாம். மழுங்கியது என்று எறியும் பிட்களில் பாதி, உண்மையில் மரப்பிசின் ஒட்டியவைதான். வெட்டும்போது சுருளுக்குப் பதிலாகத் தூள் வருகிறதா, கருகல் மணம் வருகிறதா, தள்ளக் கூடுதல் பலம் வேண்டியிருக்கிறதா? உடனே நிறுத்துங்கள். பெயாரிங்கை முதலில் கழற்றி வையுங்கள், நனைந்தால் அதன் உள் கிறீஸ் கரைந்துவிடும். பிட்டைச் சலவைத்தூள் கலந்த சுடுநீரில் சிறிது நேரம் ஊறவிட்டு, பழைய பல் தூரிகையால் தேய்த்தால் பிசின் கழன்று வரும். விடாப்பிடியான பிசினுக்கு மண்ணெண்ணெய். ஈரமில்லாமல் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி தடவினால் எங்கள் உப்புக் காற்றுக்கும் துருப்பிடிக்காது. (என் தையல் மெஷின் ஊரில் தங்கைக்குப் போய்விட்டது. எண்ணெய்ப் போத்தல் மட்டும் என்னோடு வந்தது.) தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துத் தூளைப் பிடிக்கும். கவ்விக்குள் எந்த எண்ணெயும் கூடாது. அங்கே தூளைத் தட்டி, உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

கூராக்க, வைரத்தூள் பூசிய சிறிய தட்டு வேண்டும். நேர் பிட்டின் அலகுக்கு உட்புறம் தட்டையான முகம் ஒன்று இருக்கிறது. அதை மட்டும் தட்டில் வைத்து, ஒரு பக்கத்துக்குப் பத்துத் தடவை என்றால் மறுபக்கத்துக்கும் எண்ணிப் பத்து. வெளி விளிம்பைத் தொட்டால் பிட்டின் குறுக்களவு குறைந்துவிடும், பிறகு பெயாரிங்கோடு ஒத்துவராது. நகத்தின்மேல் மெதுவாக வைத்தால் கூர் பிடிக்கவேண்டும். வழுக்கினால் இன்னும் தேய்க்கவேண்டும். சுருள் பிட்டை வீட்டில் கூராக்க முடியாது.

பூட்டும்போது காம்பை அடிவரை இறக்கி, பிறகு இரண்டு மி.மீ. மேலே இழுத்து இறுக்குங்கள். எப்போதும் பிளக்கைக் கழற்றிய பிறகே கை வையுங்கள். சால் அணியாதீர்கள், பின்னலைக் கொண்டையாக முடியுங்கள். கையுறையும் வேண்டாம், அதுதான் முதலில் சிக்கும். கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடியும் கொப்புளமும் தரும். எனக்கு வரவில்லை, ஓடாவியாருக்கு வரும். ஆகவே முதிரை வேலை எல்லாம் எனக்கே.

இது ஆண்கள் வேலை என்று சொல்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் கலமசூ என்ற ஊரில் கிப்சன் நிறுவனம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942 முதல் 1945 வரை, செய்த கிற்றார்களைப் பெரும்பாலும் பெண்களே செய்தார்கள். ஆண்கள் போருக்குப் போயிருந்தார்கள். அந்தப் பெண்களைத் தேடிக் கண்டு ஜோன் தோமஸ் என்பவர் எழுதிய புத்தகம் வந்தது 2013இல். அவர்களுக்கும் யாரோ ஒருவர் கருவியைக் கையில் தந்துதான் இருப்பார்.

எங்கள் பட்டறைக்கு இப்போது முல்லைத்தீவிலிருந்து ஒரு தங்கச்சி வந்திருக்கின்றா. மூன்று கிழமையாகப் பிட் கழுவுவதும், துளையிட்ட மரக்கட்டையில் ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்குவதும்தான் அவவின் வேலை. "எப்ப அக்கா மெஷினைத் தருவீங்கள்?" என்று கேட்கின்றா. கண்ணை மூடிக்கொண்டு, சத்தத்தை மட்டும் வைத்து, நான் வெட்டுவது கூரான பிட்டா மழுங்கின பிட்டா என்று சொல்லட்டும் என்றேன். நேற்று ஐந்துக்கு நாலு சரியாகச் சொன்னா.