ஒரே பலகையில் பத்து எழுத்து

மதுரையின் பேருந்து நிலையங்களில் ஊர்ப்பலகைகளைக் கவனித்துப் பார்ப்பவருக்குத் தமிழ் எழுத்து வடிவமைப்பின் முதல் பாடம் அங்கேயே கிடைக்கும். தேனிக்கு இரண்டு எழுத்து, திருப்பரங்குன்றத்துக்குப் பத்து. பலகையின் அகலம் ஒன்றுதான். எல்இடி விளக்குகள் இன்னும் வராத வண்டிகளில், பெயின்டால் எழுதப்பட்ட நீளமான பெயர்களைப் பார்த்தேன். நல்ல கை எழுதிய பலகையில் எழுத்துகள் நெருங்கும்போது கோட்டின் தடிமன் குறைவதில்லை. எழுத்துக்குள்ளிருக்கும் வெற்றிடம் மட்டுமே ஒடுங்குகிறது. அதே பெயரைக் கணினியில் தட்டி, பக்கவாட்டில் அழுத்திப் பலகைக்குள் அடக்கினால், நிமிர்ந்த கோடுகள் மெலிந்துவிடும், படுத்த கோடுகள் பழைய தடிமனோடு நிற்கும், வரியே சோர்ந்து தெரியும். வடிவமைப்பு வகுப்புகளில் பக்க அமைப்பை ஒரு பாடமாகவும், எழுத்தை வரைந்து சோதிக்கும் லெட்டரிங்கை வேறொரு பாடமாகவும் நடத்துகிறார்கள். முன்னது கணக்கு, பின்னது கற்பனை என்று மாணவர் மனத்தில் பதிந்துவிடுகிறது. இந்தப் பிரிவினை தமிழுக்கு உதவாது என்று நினைக்கிறேன். இடம்தான் எழுத்தின் உருவத்தைத் தீர்மானிக்கிறது. எனவே இரண்டையும் ஒரே மேசையில், ஒரே பயிற்சியாகக் கற்க வேண்டும். இதற்குச் சான்று தேடி மதுரையை விட்டு வெகுதூரம் போக வேண்டியதில்லை.

மாங்குளத்துக் குகையிலிருந்து தொடங்கலாம். 1882இல் ராபர்ட் சீவெல் கண்டறிந்த அந்தக் கல்வெட்டுகள் பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயரைச் சொல்பவை. கி.மு. மூன்றாம், இரண்டாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்று அறிஞர்கள் கணிக்கிறார்கள். குகையின் நெற்றியில் ஓடும் பாறைப்பரப்பு நீளமானது, உயரம் குறைந்தது. உளிக்கு நேர்கோடு எளிது, வளைவு கடினம். தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துகள் அங்கே பெரிதாக, சொல்லிடைவெளி இல்லாமல், ஒரே ஓட்டமாகப் போகின்றன. நாகமலைக்கு அருகிலுள்ள சமணர் மலையில், பேச்சிப்பள்ளத்திலும் செட்டிப்புடவிலும் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டு வட்டெழுத்து இருக்கிறது. தீர்த்தங்கரர் சிற்பங்களின் கீழே, அவற்றைச் செய்வித்தவர் யார் என்று சொல்லும் வரிகள் அவை. படமும் படத்துக்குரிய குறிப்பும் எப்படி ஒன்றின் கீழ் ஒன்று அமைய வேண்டும் என்ற கேள்விக்கு அன்றைய கல்தச்சர் தந்த விடையை இன்றும் அங்கே காணலாம். யானைமலை நரசிங்கப்பெருமாள் கோயில் இன்னும் கடினமான சிக்கலை எதிர்கொண்டது. கி.பி. 770இல் அங்கே வடமொழிச் செய்தி கிரந்தத்திலும் தமிழ்ச் செய்தி வட்டெழுத்திலும் வெட்டப்பட்டன. இரண்டு மொழி, இரண்டு எழுத்து, ஒரே கல். கடைப்பலகை எழுதும் ஒவ்வொருவரும் இன்று சந்திக்கும் சிக்கலும் இதுவே.

சுவரில் எழுதுபவர்களின் வேலையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். முதலில் வெள்ளையடிப்பார்கள். பிறகு நீலப்பொடி தோய்த்த நூலை இருவர் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் மேல்கோடும் கீழ்க்கோடும் விழும். அடுத்து வாசகத்தை எண்ணுவார்கள். எத்தனை எழுத்து, அவற்றில் எவை அகலம், எவை ஒல்லி, எங்கே நடு என்ற கணக்கு அது. 'ஞா', 'ணை' போன்றவை இரண்டு, மூன்று எழுத்தின் இடத்தை விழுங்கும் என்பதும், 'ர' கேட்பது மிகக் கொஞ்சம் என்பதும் அவர்கள் கைக்குத் தெரியும். சாக்பீஸால் லேசாகக் கோடிட்டு, ஓரம் கட்டி, உள்ளே நிரப்பி, கடைசியில் ஷேடு கொடுப்பார்கள். பாடநூல்கள் கிரிட் என்று சொல்வது இங்கே நூலாகவும் நீலமாகவும் இருக்கிறது. ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. பாடநூலில் கட்டம் முதலில் வருகிறது, வாசகம் பிறகு அதில் ஊற்றப்படுகிறது. சுவரில் எழுதுபவரோ வாசகத்தை எண்ணிய பிறகே கட்டத்தை முடிவு செய்கிறார். கட்சி விளம்பரமானாலும் சிமென்ட் விளம்பரமானாலும் இதே முறைதான். இதைக் கைப்பழக்கம் என்று மட்டும் சொல்லி ஒதுக்குவது தவறு. இது தமிழ் கேட்கும் முறை.

ஏன் தமிழ் இப்படிக் கேட்கிறது? ஸ்விட்சர்லாந்து வடிவமைப்பாளர் யோசெஃப் முல்லர்-ப்ரோக்மன் 1981இல் வெளியிட்ட கிரிட் நூல் உலகெங்கும் பாடமாக இருக்கிறது. ஒரு வரியில் சராசரியாக ஏழு முதல் பத்துச் சொற்கள் இருந்தால் படிக்க எளிது என்ற கணக்கு அந்த மரபில் வேரூன்றியது. ஜெர்மனுக்கும் ஆங்கிலத்துக்கும் அது சரி. தமிழில் 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு' என்பது ஒரே சொல், 17 எழுத்து. இத்தகைய சொற்கள் உள்ள உரைநடையில் வரிக்குப் பத்துச் சொல் என்றால் வரி பக்கத்தைத் தாண்டும். பத்தியை ஒடுக்கினால், இருபுறமும் சமன் செய்யும்போது சொற்களுக்கிடையே ஓட்டைகள் விழும். தமிழ் நாளிதழ்கள் இணைப்புக்கோடு இல்லாமலே சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவது இந்த நெருக்கடியால்தான். இன்னொரு சோதனையும் செய்யலாம். ஆங்கில வரியின் கீழ்ப்பாதியை மறைத்தாலும் படித்துவிடலாம், மேற்பாதியை மறைத்தால் திணறுவோம் என்று வாசிப்பு ஆய்வாளர் எட்மண்ட் ஹியூயி 1908இல் எழுதினார். தமிழ் வரியின் கீழ்ப்பாதியை மறைத்தால் 'ர' வெறும் காலாகிவிடும், 'த', 'ந', 'ற' வாலை இழக்கும், உகர ஊகாரங்கள் காணாமல் போகும். மேற்பாதியை மறைத்தால் புள்ளியும் இகரச் சுழியும் போகும். இரண்டு பாதியும் பாரம் சுமக்கும் எழுத்து இது. வரிகளுக்கிடையே ஆங்கிலத்துக்கு விடும் இடைவெளியைத் தமிழுக்கும் விட்டால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் சுழியும் மோதிக்கொள்ளும். இது கணினியில் இன்று அன்றாடம் நடக்கிறது.

அச்சுக்கோப்பவர்கள் இதை உடம்பால் அறிந்தவர்கள். உகர, ஊகார வரிசைக்கு மட்டும் 36 தனி அச்சுகள். நாள் முழுவதும் நின்றபடி அச்செழுத்துப் பெட்டியான கேஸிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கையிலுள்ள ஸ்டிக்கில் அடுக்கியவர்களுக்கு, எழுத்தின் அகலம் என்பது விரலில் உணர்ந்த உலோகம். 1935இல் குடி அரசு இதழில் பெரியார் தொடங்கிவைத்த எழுத்துச் சீர்திருத்தத்தின் பெரும்பகுதியை 1978இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணையாக்கியது. 'ணா', 'றா', 'லை' உட்பட 13 எழுத்துகள் உருமாறின. அச்சுகளின் எண்ணிக்கை குறைந்தது. ஆனால் மேலே கொம்பு வளைந்த பழைய 'லை' ஒரே கட்டான வடிவம், புதியது அதைவிட அகலம். எழுத்தில் செய்த மாற்றம் வரியின் நீளத்தில் போய் விழுந்தது. இதற்கு எதிர்த்திசையிலும் சான்று உண்டு. 1942இல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தி, பெரிய எழுத்துத் தலைப்புக்காகச் சிறிய சொற்களைத் தேர்ந்துகொண்டது. பத்தியின் அகலம் மொழிநடையையே வளைத்தது.

எழுத்தோடு சோதனை விளையாட்டு விளையாடினால் மரபு சிதையாதா என்று சிலர் கேட்கிறார்கள். பாண்டிய நாட்டின் கல்வெட்டுகளில் வட்டெழுத்து நூற்றாண்டுகள் நிலைத்திருந்தது. சோழர் மதுரையைப் பிடித்த பின் பதினோராம் நூற்றாண்டில் தமிழ் எழுத்துக்கு வழிவிட்டது. எழுத்து மாறாமல் இருந்த காலமே இல்லை. காரணம் தெரிந்து மாற்றுகிறோமா, மென்பொருள் மாற்றட்டும் என்று விடுகிறோமா என்பதே கேள்வி. 'ர'வின் காலை எவ்வளவு குறைத்தால் அது 'ா' ஆகிவிடும் என்று நூறு முறை வரைந்து பார்த்தவரே எல்லையைக் காப்பார். இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. பிளக்ஸ் வந்தபின் சுவர் எழுத்தாளர் பலர் வீட்டுக்கு வர்ணம் அடிக்கப் போய்விட்டார்கள். மாணவருக்குப் பிழைப்பு மென்பொருளில் இருக்கிறது, நூலும் நீலமும் எதற்கு என்கிறார்கள். பிழைப்பு அங்கேதான் என்பது உண்மை. ஆனால் மென்பொருள் கேட்கும் முடிவுகள் பழையவையே. கடைப்பலகையில் தமிழும் ஆங்கிலமும் பிற மொழியும் 5:3:2 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்று அரசு சொல்கிறது. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் இரண்டு கோட்டுக்குள் நின்றுவிடும். தமிழின் உயரத்தில் ஒரு பங்கு சுழிக்கும் வாலுக்கும் போய்விடுகிறது. அளவுகோலில் விகிதம் சரியாக வந்த பலகையிலும் எழுத்தின் உடல் சுருங்கித் தெரிய இதுவே காரணம். இதைத் தீர்க்கும் பொத்தான் எந்த மென்பொருளிலும் இல்லை.

கூகுள் இலவசமாகத் தந்த தமிழ் எழுத்துருக்களில் இரண்டு மதுரையின் பெயரைத் தாங்கி வந்தன. ஹிந்த் மதுரையை அகமதாபாத்தின் இந்தியன் டைப் ஃபவுண்டரி உருவாக்கியது. அரிமா மதுரை போர்ச்சுகலின் நடானியேல் காமாவும் ஜோவானா கொரேயாவும் வரைந்தது. வெளியூர்க்காரர்கள் நம் எழுத்தை இவ்வளவு அக்கறையோடு வரைந்ததை நன்றியோடு ஏற்க வேண்டும். ஆனால் அடுத்த எழுத்துரு இந்த ஊரிலிருந்தே வரலாம், அதற்குத் தேவையான அறிவு இங்கே சிதறிக் கிடக்கிறது. மதுரையைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் காட்சித்தொடர்பும் வடிவமைப்பும் நடத்தும் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். முதல் பருவத்தில் கணினியைத் திறக்குமுன், திருப்பரங்குன்றத்தையும் தேனியையும் ஒரே அளவுப் பலகையில் எழுதச் சொல்லுங்கள். யானைமலைக்கும் சமணர் மலைக்கும் அளவுநாடாவோடு அழைத்துப் போங்கள். அந்த வகுப்பை நடத்தச் சுவர் எழுதும் கைவினைஞர்களையும், இன்னும் நம்மோடு இருக்கும் அச்சுக்கோப்பவர்களையும் கூப்பிடுங்கள். அவர்களுக்கு ஆசிரியருக்குரிய ஊதியத்தையே கொடுங்கள்.