மைதானத்துக்கு வெளியே

2016 ஜூலை 25, திங்கட்கிழமை. சிகாகோவில் நான் வேலை பார்த்த அலுவலகத்தின் சாப்பாட்டு அறை. டப்பாவைத் திறந்து புளிசாதத்தில் கை வைப்பதற்குள் செய்தி வந்துவிட்டது. எங்கள் ஊர் பேஸ்பால் அணியான கப்ஸ், நியூயார்க் யாங்கீஸிடமிருந்து அரோல்டிஸ் சாப்மனை வாங்கிவிட்டது.

மேசையிலிருந்த நான்கு ஆண்களும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். கிரிக்கெட்டில் கடைசி ஓவர்களுக்கென்றே ஒரு பந்துவீச்சாளரைக் காப்பாற்றி வைத்திருப்பார்கள் அல்லவா, பேஸ்பாலில் அவருக்கு ‘குளோசர்’ என்று பெயர். ஜெயிக்கும் நிலையிலிருக்கும் ஆட்டத்தைக் கடைசியில் வந்து சிந்தாமல் முடித்துக் கொடுத்தால் அவர் கணக்கில் ஒரு ‘சேவ்’ ஏறும். சாப்மன் மணிக்குக் கிட்டத்தட்ட 170 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்தவர். கப்ஸ் அணியோ 1908க்குப் பிறகு கோப்பையைத் தொட்டதே இல்லை. அந்த ஆண்டு அருமையான அணி. குறை என்று சொன்னால் குளோசர் ஒன்றுதான். அதற்காக கிளேபர் டோரஸ் என்ற பத்தொன்பது வயதுப் பையனையும் இன்னும் மூன்று பேரையும் கொடுத்திருந்தார்கள். விலை அதிகமா, இல்லையா? அன்றைய வாதம் அதுதான்.

அந்த மேசையில் எனக்கு ஓர் இடம் இருந்தது. அது தானாக வந்ததல்ல.

பேஸ்பால் பருவத்தில் ஓர் அணிக்கு 162 ஆட்டங்கள். ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் முடிய அநேகமாகத் தினமும் ஆட்டம். அதனால் தினமும் செய்தி. யாருக்குத் தோள் வலி, யாரை மாற்றிவிட்டார்கள், யாரைக் கீழ்நிலை அணியிலிருந்து மேலே கூப்பிட்டார்கள். அலுவலகத்தில் அந்தப் பேச்சுக்குள் இல்லாதவளுக்கு மற்றப் பேச்சுகளிலும் இடம் கிடைப்பதில்லை என்பது எனக்குப் புரிய ஓராண்டு ஆனது. புதிய பொறுப்பு யாருக்குப் போகப்போகிறது என்பதுகூட நேற்றைய ஆட்டத்துக்கும் நாளைய ஆட்டத்துக்கும் நடுவில்தான் கசியும்.

கற்றுக்கொண்டேன். ராத்திரி சமையலறையில் ரேடியோ வர்ணனையைக் கேட்டபடி பாத்திரம் கழுவினேன். முதல் சில வாரங்கள் பரீட்சைதான். “பீல்டர் பிடிக்காமல் விட்ட பந்துக்கும் சில நேரம் அவுட் கொடுக்கிறார்களே, ஏன் தெரியுமா?” என்று கேட்டார் ஒருவர். சொன்னேன். அடுத்த நாள் வேறொரு கேள்வி. புதிதாகச் சேர்ந்த ஓர் ஆணிடம் யாரும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. கேள்விகள் நின்ற நாளில் எனக்குப் பெருமையாக இருந்தது. இன்று யோசித்தால் அந்தப் பெருமைதான் உறுத்துகிறது.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்க மைதானங்களில் ஏழாவது இன்னிங்ஸின் நடுவே கூட்டம் முழுக்க எழுந்து நின்று பாடும் பாட்டு ஒன்று உண்டு: ‘டேக் மீ அவுட் டு த பால் கேம்’. 1908இல் எழுதப்பட்டது, கப்ஸ் கடைசியாக ஜெயித்த அதே ஆண்டு. அது ஒரு பெண்ணின் பாட்டு. கேட்டி கேசி என்ற பேஸ்பால் பைத்தியம், நாடகம் பார்க்கலாம் என்று கூப்பிடும் காதலனிடம், வேண்டாம், ஆட்டத்துக்குக் கூட்டிப் போ என்கிறாள். ஆனால் மைதானத்தில் பல்லவியை மட்டும்தான் பாடுகிறார்கள். கேட்டி இருக்கும் சரணத்தைப் பாடுவதில்லை. பக்கத்தில் பாடுகிறவர்களைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன், அப்படி ஒருத்தி இருப்பதே பலருக்குத் தெரியாது.

அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். எங்கள் பிரிவில் கோடைப் பயிற்சிக்கு வந்திருந்த கல்லூரிப் பெண் ஒருத்தி மேசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். வாதம் கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில் கேட்டாள்: “போன அக்டோபரில் நடந்ததைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே?”

அக்டோபரில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2015 அக்டோபர் 30 அன்று ஃபுளோரிடாவில் சாப்மனின் வீட்டுக்குப் போலீஸ் வந்தது. அவர் தன்னைத் தள்ளி, கழுத்தை நெரித்ததாக அவருடைய துணைவி சொன்னதாகப் போலீஸ் அறிக்கை சொல்கிறது. அதன் பிறகு கார் ஷெட்டில் அவர் எட்டு முறை துப்பாக்கியால் சுட்டிருக்கிறார். கழுத்தை நெரிக்கவில்லை என்று அவர் மறுத்தார். வாக்குமூலங்கள் முரண்படுகின்றன, ஆதாரம் போதாது என்று அரசுத் தரப்பு வழக்கே போடவில்லை. ஆனால் மேஜர் லீக் பேஸ்பாலும் வீரர்கள் சங்கமும் அதற்குச் சில மாதம் முன்பு, 2015 ஆகஸ்டில்தான் குடும்ப வன்முறை குறித்து ஒரு விதிமுறைக்கு ஒப்புக்கொண்டிருந்தன. நீதிமன்றத் தண்டனை இல்லாவிட்டாலும் லீக் நடவடிக்கை எடுக்கலாம். அந்த விதியின்கீழ் இடைநீக்கம் செய்யப்பட்ட முதல் வீரர் சாப்மன். 30 ஆட்டங்கள்.

அவள் கேட்டதும் மேசை அமைதியானது. நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். அங்கே உட்கார்ந்திருந்த இன்னொரு பெண் நான்தானே.

நான் சொன்னேன்: “அது மைதானத்துக்கு வெளியே நடந்தது. தண்டனையும் முடிந்துவிட்டது.”

நான்கு முகங்களிலும் நிம்மதி. ஒரு பெண்ணே சொல்லிவிட்டாள். பேச்சு மறுபடி டோரஸுக்குப் போனது. அந்தப் பெண் சாண்ட்விச்சைப் பாதியில் சுற்றி எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

அன்று ரயிலில் வீடு திரும்பும்போது அந்த வாக்கியத்தை நான் எங்கே கற்றேன் என்று யோசித்தேன். சாப்பாட்டு மேசையில் அல்ல. எங்கள் பக்கத்து வீட்டு அத்தையின் அழுகைச் சத்தம் சுவரைத் தாண்டி வரும் ராத்திரிகளில் அப்பா டிவியில் கிரிக்கெட்டின் சத்தத்தைக் கூட்டுவார். காலையில் நான் ஏதாவது கேட்டால், “அது அவுங்க வீட்டு விஷயம்டி, நமக்கெதுக்கு” என்பாள் அம்மா. அந்த மாமா தெருவில் எல்லோருக்கும் நல்லவர். ஆபீஸில் தங்கமான மனுஷன். ‘வீட்டு விஷயம்’ என்று அம்மா சொன்னதைத்தான் நான் ‘மைதானத்துக்கு வெளியே’ என்று இங்கிலீஷில் சொல்லியிருக்கிறேன். அம்மாவாவது குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

அது உண்மையில் வெளியேயும் இல்லை. 2015 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அவரை வாங்கும் பேச்சு ஏறக்குறைய முடிந்திருந்தது. அக்டோபர் விஷயம் வெளியே வந்ததும் அந்தப் பேரம் நின்றது. அந்த மாதக் கடைசியிலேயே யாங்கீஸ் மலிவாக வாங்கியது. ஏழு மாதம் கழித்து கப்ஸ் நல்ல விலை கொடுத்தது. ஒரு பெண் போலீஸிடம் சொன்ன சொல் சந்தையில் தள்ளுபடியாக மாறி, பிறகு காணாமலும் போனது. விலைப்பேச்சு முழுக்க அவளைப் பற்றியதுதான். அவளை மட்டும் பேசக் கூடாது.

அதே வாரம் சிகாகோ ரசிகை ஒருவர், சாப்மனின் ஒவ்வொரு சேவுக்கும் குடும்ப வன்முறையில் சிக்கிய பெண்களுக்குச் சட்ட உதவி தரும் ஓர் அமைப்புக்கு 10 டாலர் தருவதாக அறிவித்தார். பலர் சேர்ந்துகொண்டார்கள். எங்கள் காபி மிஷின் பக்கத்தில் ஒரு காலி காபி டின் வந்து உட்கார்ந்தது. மேலே கையால் எழுதிய சீட்டு: ஒரு சேவுக்கு 2 டாலர். யார் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

முதல் மூன்று சேவுக்கு நான் போடவில்லை. நாலாவதற்கு எட்டு டாலராகப் போட்டேன், அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து.

ஆகஸ்ட் கடைசியில் அவளுடைய பயிற்சி முடிந்தது. கிளம்பும் நாளில் டின்னைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். “பருவம் முடிகிற வரைக்கும் பார்த்துக்கொள்வீர்களா?” கோபமே இல்லாத குரல். அன்று நான் சொன்னதை மன்னித்தாளா, அல்லது எனக்கு ஒரு வேலை கொடுத்தாளா, இன்றுவரை தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். வரவில்லை. சரி என்றேன்.

அதன் பிறகு சேவ் விழுந்த மறுநாள் டின்னோடு சாப்பாட்டு அறைக்குப் போகிறவள் நானானேன். இரண்டு பேர் போட்டார்கள். ஒருவர், விளையாட்டில் அரசியலைக் கலக்காதே என்றார். இன்னொருவர் டின்னைப் பார்த்ததும் போனை எடுத்துப் பார்ப்பார். ஆனால் ஒன்று நடந்தது: அவர் சேவ் என்ற செய்தி வரும்போதெல்லாம் அந்த இன்னொரு செய்தியும் கூடவே வந்தது. பருவம் முடியும்போது கப்ஸுக்காக அவர் எடுத்தது 16 சேவ்.

நவம்பர் 2, கிளீவ்லாந்தில் ஏழாவது இறுதி ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸில் சாப்மன் எறிந்த பந்தை ராஜாய் டேவிஸ் தூக்கி அடித்து ஆட்டத்தைச் சமமாக்கினார். அப்போது என் மனதில் ஒரு நொடி ஓடிய திருப்தியை ஒப்புக்கொள்கிறேன். அடுத்த நொடி, ஐயோ தோற்றுவிடுவோமோ என்ற பதைப்பு. மழைக்காகப் பதினேழு நிமிடம் நிறுத்தி, பத்தாவது இன்னிங்ஸில் 8-7 என்று ஜெயித்தோம். நள்ளிரவில் அழுதேன். சந்தோஷத்தில்தான். வெற்றி பெற்ற பிட்சர் என்று ஸ்கோர் அட்டையில் இருந்த பெயர் சாப்மன். மறுநாள் டின்னை எடுத்தபோதுதான் உறைத்தது: சேவுக்குத்தான் கணக்கு வைத்திருந்தோம், வெற்றிக்கு வைக்கவில்லை. 108 டாலர் போட்டேன், ஆண்டுக்கு ஒன்றாக. பிறகு எண்ணி அனுப்பிவிட்டேன்.

கதை அங்கே முடிந்திருந்தால் நான் திருந்தியவளாகத் தெரிந்திருப்பேன். அந்த இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் அடிசன் ரஸ்ஸல் மூன்று பேஸிலும் ஆட்கள் நிற்க, பந்தைச் சுவருக்கு மேலே அனுப்பினார். ஒரே அடியில் நான்கு ரன். சோபாவிலிருந்து குதித்து, “அடிச்சான் பாரு!” என்று கத்தினேன். 2018 செப்டம்பரில் அவருடைய முன்னாள் மனைவி தன் திருமண வாழ்க்கையில் நடந்த வன்முறையைப் பற்றி எழுதினார். லீக் 40 ஆட்டங்கள் இடைநீக்கம் செய்தது. நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல். அன்று நான் கத்தியதை நினைக்கும்போதெல்லாம் நாக்கு கூசுகிறது.

அந்தச் செய்தி வந்த மறுநாள் மேசையில் நான்தான் முதலில் பேசினேன். அவர் எழுதியதைப் படித்தீர்களா என்று கேட்டேன். இம்முறை யாரும் ‘மைதானத்துக்கு வெளியே’ என்று சொல்லவில்லை. “அனுப்பிவிட வேண்டியதுதான்” என்றார் 2016இல் டின்னைப் பார்த்து அரசியல் என்றவர். எனக்கு ஆச்சரியம். உடனே அவரே சேர்த்துக்கொண்டார்: “எப்படியும் இந்த வருஷம் அவன் மட்டையில் ஒன்றும் இல்லை.”

மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. “நன்றாக ஆடியிருந்தால்?” என்று கேட்டேன்.

பதில் வரவில்லை. யாரோ நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். அடுத்த ஆண்டு இடைநீக்கம் முடிந்து ரஸ்ஸல் மறுபடி கப்ஸுக்கு ஆடினார். நானும் அந்த மேசைக்குத் தொடர்ந்து போனேன், ஆட்டமும் பார்த்தேன். ஆட்டத்தை விட்டுவிடுவது எனக்கு யாரும் வைக்காத பரீட்சை. கேட்டியும் விட்டிருக்க மாட்டாள். ஆனால் மேசை என்னைப் பார்க்கும்போது அதற்கு நிம்மதி தருகிற வேலையை மட்டும் விட்டுவிட்டேன்.

காபி டின் இப்போது என் சமையலறையில் இருக்கிறது. மிளகாய் வற்றல் போட்டு வைத்திருக்கிறேன். சீட்டை மட்டும் கிழிக்கவில்லை.