நர்சம்மா வீட்டுக்குள் வந்தாரா?



கார்த்திகை தீபத்தன்று 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் மருத்துவ முகாம்கள், ஆம்புலன்ஸ்கள் எல்லாம் நிற்கும். வேண்டியதுதான். அதே மலையைப் பார்த்தபடி இருக்கும் எங்கள் காலனியில், அக்காவின் தலைப்பிரசவத்தின்போது நடந்ததை எழுதுகிறோம்.

மூன்றாம் நாள் அக்காவை வீட்டுக்கு அழைத்து வந்தோம். அன்றே நர்சம்மா வந்தார். காலனி முனை வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, "குழந்தைய தூக்கிட்டு வாங்க" என்று ஆள் அனுப்பினார். பச்ச உடம்புக்காரியான அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு தெருமுனைவரை நடந்தார். எடை போட்டார்கள், அட்டையில் எழுதினார்கள், முடிந்தது. "கவர்மெண்ட் நர்சு இவ்ளோ தூரம் வந்ததே பெருசு" என்றது ஆயா. எங்களில் ஒருவருக்கும் அது தவறு என்று படவில்லை.

ஆறாம் நாள் குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தது. ஆயா சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தது. மறுநாள், பொறுப்புப் பணியில் வேறொரு நர்சம்மா வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். குழந்தையை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளங்கால்வரை மஞ்சள். "இப்பவே கிளம்புங்க" என்று 108க்கு அவரே போன் போட்டார். குழந்தை பிழைத்தாள். இன்று பள்ளிக்கூடம் போகிறாள்.

மூன்றாம் நாளில் மஞ்சள் தெரிந்திருக்காது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் முதலில் வந்தவர் உள்ளே வந்திருந்தால் இருட்டு அறையைப் பார்த்திருப்பார், அக்கா பால் கொடுக்கத் தடுமாறுவதைப் பார்த்திருப்பார், சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம் என்று ஆயாவிடம் சொல்லியிருப்பார். வீட்டுக்கு வருவது என்பது அதற்காகத்தான்.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் இருவரும் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, பச்சிளங்குழந்தைகளை வீட்டிலேயே கவனிக்க வைத்தார்கள். அங்கே பச்சிளங்குழந்தை மரணம் 62 சதவீதம் குறைந்ததை 1999இல் வெளியிட்டார்கள். ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் ஆஷா பணியாளர் வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும் என்ற தேசியத் திட்டம் இதிலிருந்து வளர்ந்ததுதான். அமெரிக்காவின் எல்மைராவில் 1970களின் இறுதியிலேயே, முதல் குழந்தை பெறும் ஏழைப் பெண்களின் வீட்டுக்குக் குழந்தைக்கு இரண்டு வயதாகும்வரை நர்சுகள் போய்வந்தார்கள். எங்கே செய்தாலும் நர்சு வாசற்படியைத் தாண்டினால்தான் இது வேலை செய்யும்.

இங்கே அந்தப் படியில் சாதி உட்கார்ந்திருக்கிறது. 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடந்த தீண்டாமை ஆய்வு 2006இல் புத்தகமாக வந்தது. மூன்றில் ஒரு கிராமத்தில் அரசு சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் போக மறுத்தார்கள் என்றது அது. ஊர்த்தெருப் பிள்ளைகளுக்குப் பேறு பார்த்துத் தொப்புள்கொடி அறுத்த கைகளில் எங்கள் பாட்டிமார் கைகளும் உண்டு. அப்போது தீட்டில்லை.

ஏன் கேட்கவில்லை? பிக்மி எண் நர்சம்மா வழியாகத்தான் வருகிறது. பிறப்புச் சான்றிதழுக்கு அது வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய்க்கும் அது வேண்டும். அவரைப் பகைத்துக்கொண்டால் பணம் நின்றுவிடும் என்ற பயம். பயத்துக்கு நாங்கள் மரியாதை என்று பேர் வைத்திருந்தோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உள்ளே வந்த அந்த நர்சம்மாவும் ஒரு காலனிக்காரர் என்று பிறகுதான் தெரிந்தது. ஊர்த்தெருவில் சில வீடுகளில் அவரைத் திண்ணையோடு நிறுத்திவிடுவார்களாம். ஐயாயிரம் பேருக்கு ஒரு கிராம சுகாதார செவிலியர் என்பது கணக்கு. அதற்கு மேல் பதிவேடு, கணினிப் பதிவு. இத்தனையோடு இந்த அவமானமும். அவருக்காகவும் நாங்கள் ஒரு மனு எழுதவில்லை.

2023 ஜனவரி 30 அன்று, நம் மாவட்டத்துத் தென்முடியனூரில் நம் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்து அழுதோம். கோயிலுக்குள் நாம் நுழைவது எவ்வளவு பெரிய உரிமையோ, நம் வீட்டுக்குள் நர்சு நுழைவதும் அவ்வளவு பெரிய உரிமை. அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு இரண்டுக்கும் ஒன்றுதான்.

எனவே ஒரு வேலை. உங்கள் காலனியில் இந்த வருடம் தலைப்பிரசவம் ஆன வீடுகளுக்குப் போங்கள். நர்சு எந்தெந்த நாளில் வந்தார், உள்ளே வந்தாரா, குழந்தையைத் தொட்டாரா, பணம் வந்ததா என்று கேட்டு ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். பத்து வீடு சேர்ந்ததும் பத்துப் பேராகக் கையெழுத்துப் போட்டு மனு கொடுங்கள். தனியாக ஒரு தாயை நிறுத்தாதீர்கள். நர்சுகளிடமும் அவர்கள் படும் பாட்டைக் கேட்டு அதே நோட்டில் எழுதுங்கள்.

எங்கள் காலனியில் நோட்டு வாங்கிவிட்டோம். முதல் பக்கத்தில் அக்கா பெயர்.